கப்பலில் மாறும் காசு

கடலில் செல்லும் ஒவ்வோர் உல்லாசக் கப்பலுக்கும் தனக்கென ஒரு நாணயம் உண்டு. மியாமியிலிருந்து கரிபியன் தீவுகளுக்குப் புறப்படும் கப்பல்களில் அது அமெரிக்க டொலர். சவுதாம்ப்டனிலிருந்து புறப்படும் பிரித்தானியக் கப்பல்கள் சிலவற்றில் பவுண். மத்தியதரைக் கடலில் பல கப்பல்களில் யூரோ. பயணியின் சட்டைப்பையில் இருக்கும் கடனட்டையோ பெரும்பாலும் வேறொரு நாட்டு வங்கி வழங்கியது. இவ்விரண்டுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் ஒரு நாணயம் இன்னொன்றாக மாறியே ஆகவேண்டும். அந்த மாற்றத்தைச் செய்பவர் யார், என்ன விலைக்குச் செய்கிறார், யாரிடம் கேட்டுச் செய்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் இருநூற்றைம்பது ஆண்டு கால வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தவர்கள் இன்று கப்பலின் கணக்குச் சீட்டைச் சற்று நிதானமாகவே வாசிப்பார்கள்.

1772ஆம் ஆண்டு றொபேர்ட் ஹெரிஸ் என்ற ஸ்கொட்லாந்து வங்கியாளர் இலண்டனில் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் கல்விக்காகவும் களிப்புக்காகவும் ஐரோப்பாவைச் சுற்றிவந்த காலம் அது. தங்க நாணயங்களைச் சுமந்து சென்றால் வழிப்பறிக்கு அஞ்சவேண்டும். ஒரே ஒரு வங்கியின் பெயருக்குக் கடிதம் கொண்டு சென்றால் அந்த நகரத்துக்குப் போய்ச் சேரும்வரை கையில் காசிருக்காது. ஹெரிஸ் வெளியிட்ட சுற்றுப் பத்திரங்களை ஏறத்தாழ 90 ஐரோப்பிய நகரங்களில் அவ்வவ்விடத்து நாணயமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. இன்றைய பயணிகள் காசோலைக்கும் கடனட்டைக்கும் இதுவே மூத்த பாட்டனார். 1874இல் தோமஸ் குக் நிறுவனமும் இதே வகைப் பத்திரங்களை வெளியிட்டது.

இக்கதையில் மிக முக்கியமான ஆண்டு 1891. அவ்வாண்டு ஜனவரி 22ஆம் திகதி ஜேர்மனியின் குக்ஸ்ஹாவன் துறைமுகத்திலிருந்து 'ஒகுஸ்ரா விக்ரோறியா' என்ற கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. குளிர்காலத்தில் அத்திலாந்திக் பயணிகள் குறைந்துவிடுவதால் சும்மா கிடக்கும் கப்பலை என்ன செய்வது என்று ஹம்பேர்க்–அமெரிக்கா கம்பனியைச் சேர்ந்த அல்பேர்ட் பாலின் சிந்தித்ததன் விளைவு அது. ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதற்காக அன்றிப் பயணத்தையே இன்பமாகக் கொண்ட நவீன உல்லாசக் கப்பல் பயணத்தின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் பலர் இதனையே குறிப்பிடுகின்றனர்.

அதே 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் தனது பயணிகள் காசோலையை வெளியிட்டது. அதற்கு முதல் வருடம் அந்நிறுவனத்தின் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தார். பெருநகரங்களுக்கு வெளியே தம்மிடமிருந்த வங்கிக் கடன் கடிதம் வெறும் காகிதமாகவே மதிக்கப்பட்டதைக் கண்டு சினத்துடன் திரும்பினார். அவருடைய ஊழியரான மார்செலஸ் பெரி அதற்குத் தீர்வு கண்டார். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்திருந்தால் பணம். ஆரம்பகாலக் காசோலைகளின் முகப்பிலேயே அந்தத் தொகைக்கு எத்தனை பவுண், எத்தனை பிராங்க் என்ற கணக்கும் அச்சிடப்பட்டிருந்தது. தன் டொலர் வெளிநாட்டில் எவ்வளவு பெறும் என்பதைப் பயணி வீட்டை விட்டுப் புறப்படும்போதே அறிந்திருந்தார். இந்தச் சிறு விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே காலத்தில் கீழைத்தேயக் கடற்பாதையின் நிலை வேறு. 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய கொழும்பு அலைதாங்கி 1885இல் நிறைவெய்தியதோடு, காலியின் இடத்தைக் கொழும்பு எடுத்துக்கொண்டது. அவுஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் செல்லும் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற இங்கே நின்றன. கரையிறங்கும் வெள்ளையரின் கையில் பவுண்; கரையில் செல்லுபடியாவதோ ரூபா. 1870களின் தொடக்கத்தில் ஒரு பவுணுக்கு 10 ரூபாவுக்குச் சற்று அதிகமாகக் கிடைத்தது. வெள்ளியின் விலை உலகச் சந்தையில் வீழ வீழ ரூபாவும் வீழ்ந்தது. 1890களின் நடுப்பகுதியில் ஒரு பவுண் 17 ரூபாவையும் தாண்டியது. அந்த நூற்றாண்டு முடியும் தறுவாயில் 1 ரூபா 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்றும், ஒரு தங்கப் பவுண் 15 ரூபா என்றும் நிலைப்படுத்தப்பட்டது. அதுவரை துறைமுகத்து நாணயமாற்றுக்காரர் சொன்னதுதான் விலை. ஆனால் அவர் பயணியின் கண்முன் நின்றார். அவருடைய விலை பிடிக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் போகலாம், பேரம் பேசலாம், மாற்றாமலே விடலாம். அவர் இலாபம் எடுக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்த செய்தி.

முதலாம் உலகப் போர் பழைய நிலையான மாற்றுவீதங்களைக் குலைத்தது. போருக்குப் பின், 1922ஆம் ஆண்டு நவம்பரில், கியூனார்ட் கம்பனியின் 'லக்கோனியா' நியூயோர்க்கிலிருந்து உலகைச் சுற்றிவரப் புறப்பட்டது. பயணிகள் கப்பலொன்று தொடர்ச்சியாக உலகைச் சுற்றிவந்த முதல் உல்லாசப் பயணம் அதுவே. அதனை ஒழுங்கு செய்தது வேறு யாருமல்ல, பயணிகள் காசோலையை விற்ற அதே அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்தான். காசு மாற்றும் தொழிலும் கப்பல் பயணத் தொழிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1944இல் பிரெற்றன்வூட்ஸ் மாநாடு நாணயங்களை மீண்டும் டொலருடன் பிணைத்தது. அந்த ஒழுங்கு நிலவிய நாட்களிலேயே 1950இல் டைனர்ஸ் கிளப் அட்டையும், 1958இல் பின்னாளில் விசா என்று பெயர்மாறிய பேங்க் ஒஃப் அமெரிக்கா அட்டையும் பிறந்தன. 1971ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் தங்கத்துக்குமான பிணைப்பை அறுத்தார். 1973இலிருந்து முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. அன்று முதல் மாற்றுவீதம் நாளுக்கு நாள் மாறியது. அட்டையை நீட்டும் பயணி கையொப்பமிடும்போது தன் வங்கி எந்த வீதத்தில் மாற்றும் என்பதை அறியமாட்டார்; மாத இறுதியில் வரும் கணக்கறிக்கையில்தான் அறிவார். வீதத்தோடு சேர்த்து அறவிடப்பட்ட கட்டணத்தைப் பலர் அப்போதும் அறியவில்லை. அட்டை வலையமைப்புக்கு 1 வீதம், வங்கிக்கு 2 வீதம் என்பது அமெரிக்காவில் வழக்கமாயிற்று.

இந்த மறைவுதான் நீதிமன்றம் வரை போனது. விசா, மாஸ்டர் கார்ட், டைனர்ஸ் கிளப் ஆகியவற்றுக்கும் பெரிய வங்கிகளுக்கும் எதிராக அமெரிக்க அட்டைதாரர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தனர். கட்டணத்தைக் கூடிப்பேசி நிர்ணயித்தார்கள், அதனைச் சரிவர வெளிப்படுத்தவில்லை என்பன குற்றச்சாட்டுகள். பிரதிவாதிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 2006இல் 336 மில்லியன் டொலர் செலுத்தி இணக்கத்துக்கு வந்தனர். 1996 பெப்ரவரி முதல் 2006 நவம்பர் வரை வெளிநாட்டில் அட்டையைப் பயன்படுத்தியவர்கள் அதில் பங்கு கோர முடிந்தது.

அந்த வழக்கு வங்கியின் கட்டணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அதே காலத்தில் இன்னொரு கதவு திறந்துகொண்டிருந்தது. 1990களில் அயர்லாந்தின் கெரி மாவட்டத்து நிறுவனங்கள் முன்னின்று வளர்த்த ஒரு தொழில்நுட்பம் அது. 'டைனமிக் கரன்சி கொன்வேர்ஷன்' என்பது அதன் பெயர். கடை முகப்பில் நிகழும் நாணயமாற்று என்று தமிழில் சொல்லலாம். கடனட்டையின் முதல் இலக்கங்களே அது எந்த நாட்டு வங்கியின் அட்டை என்பதைக் காட்டிக்கொடுக்கும். கடைக்காரரின் இயந்திரம் அதனை வாசித்து, வங்கியை முந்திக்கொண்டு, தொகையைப் பயணியின் சொந்த நாணயத்துக்குத் தானே மாற்றிவிடுகிறது. மாற்றுவீதத்தின் மீது வைக்கப்படும் மேலதிகத் தொகையைக் கடைக்காரரும் இயந்திரத்தை இயக்கும் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்த மேலதிகம் 2 அல்லது 3 வீதத்தில் தொடங்கி 10 வீதத்தையும் தாண்டக்கூடும். இத்தனைக்கும் பின்னர், பணம் பெற்றவர் வெளிநாட்டவர் என்ற காரணத்தைக் காட்டித் தமது கட்டணத்தையும் தனியாக அறவிடும் வங்கிகள் உண்டு.

இந்தத் தொழிலுக்கு உல்லாசக் கப்பலைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை. கப்பலில் காசு கைமாறுவதில்லை. ஏறும்போதே கடனட்டையைப் பதிவு செய்துவிட்டு, பிறகு அறைச் சாவியாகவும் பயன்படும் ஓர் அட்டையைக் காட்டிக் காட்டி வாழவேண்டும். ஒவ்வொரு தேநீருக்கும் கேள்வி எழுவதில்லை. கேள்வி ஒரேயொரு முறைதான், அதுவும் பயணத்துக்கு முன் நிரப்பும் நீண்ட படிவத்தின் ஏதோ ஒரு மூலையில் வருகிறது. சில கப்பல்களில் அது கேள்வியாகவும் இருப்பதில்லை. வேண்டாம் என்று பயணியே போய்ச் சொல்லாதவரை சம்மதம் என்று கொள்ளப்படுகிறது.

என் அத்தான் இலண்டனில் ஓய்வூதியத்தில் வாழ்பவர். 1983க்குப் பின் ஒரே கூரையின் கீழ் கூடியிராத நான்கு சகோதரர்கள், ஒருவர் இலண்டனிலும் இருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் ஒஸ்லோவிலுமாகச் சிதறியவர்கள், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கப்பலில் பத்து நாட்கள் ஒன்றுகூடினார்கள். கப்பலின் விலைகள் எல்லாம் டொலரில். கடைசிநாள் காலையில் கதவடியில் செருகப்பட்ட கணக்குச் சீட்டோ அத்தானுக்குப் பவுணிலும், ரொறன்ரோக்காரருக்குக் கனேடிய டொலரிலும் இருந்தது. ஒஸ்லோவில் கணக்காளராக இருக்கும் தம்பி மட்டும் முதல்நாளே வரவேற்பு மேசைக்குப் போய்த் தன் கணக்கை டொலரில் முடிக்கும்படி சொல்லியிருந்தார். ஊர் திரும்பியபின் வங்கி அறிக்கைகளை ஒப்பிட்டபோது அத்தானின் 2,400 டொலர் செலவில் 72 டொலர் நாணயமாற்றுக்கே போயிருந்தது தெரிந்தது. கேட்டபோது, நீங்கள் படிவத்தில் சம்மதித்திருக்கிறீர்கள் என்று கம்பனி பதிலளித்தது. தொகை பெரிதல்ல. ஆனால் பேரப்பிள்ளைகளை ஒரு துறைமுகத்தில் கரைக்கு அழைத்துச் செல்லும் செலவு அதிகம் என்று அவர் கப்பலிலேயே தங்கிவிட்ட நாளின் விலை அது.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தையும் நேர்மையாகப் பார்க்கவேண்டும். சொந்த நாணயத்தில் தொகையை உடனே அறிவது நிச்சயத்தைத் தருகிறது என்கிறார்கள். நாணயம் சரிந்துகொண்டிருக்கும் நாட்டவருக்கு நிச்சயம் பெறுமதியானதுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டியதை இலங்கையர் மறக்கமாட்டார்கள். ஆயினும் 1891இன் காசோலை தந்த நிச்சயம் புறப்படுவதற்கு முன்பே கிடைத்தது. கப்பலின் இயந்திரம் தரும் நிச்சயமோ கணக்கு முடிக்கும் நேரத்தில் கிடைப்பது. வங்கி தானே மாற்றினாலும் ஓரிரண்டு நாட்களில் மாற்றிவிடும். ஆகவே விற்கப்படுவது அந்த ஓரிரண்டு நாட்களுக்கான நிச்சயம் மட்டுமே. பவுணோ கனேடிய டொலரோ இரண்டு நாட்களில் 3 வீதம் ஆடுவது அரிது.

சட்டம் மெல்லப் பின்தொடர்கிறது. தெரிவு அட்டைதாரருடையது என்பது விசா, மாஸ்டர் கார்ட் வலையமைப்புகளின் விதி. 2020 ஏப்ரல் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இவ்வாறு மாற்றுவோர் தமது மேலதிகத்தை ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்துடன் ஒப்பிட்டு வீதக் கணக்கில் காட்டவேண்டும். ஆனால் பஹாமாஸ் கொடியோ பெர்மியூடா கொடியோ பறக்கும் கப்பல் நடுக்கடலில் செல்லும்போது அத்தகைய பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

எனவே பயணியே செய்யவேண்டியவை சில உண்டு. கப்பலின் நாணயம் எது என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டறியுங்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குக் கட்டணம் அறவிடாத அட்டை கிடைத்தால் அதனையே பதிவு செய்யுங்கள். படிவத்தில் நாணயமாற்று பற்றிய வரியைத் தேடிச் சம்மதத்தை நீக்குங்கள். அப்படியான வரி தென்படாவிட்டால் முதல்நாளே வரவேற்பு மேசைக்குப் போய், என் கணக்கைக் கப்பலின் நாணயத்திலேயே முடியுங்கள் என்று சொல்லி எழுத்தில் உறுதி பெறுங்கள். அடுத்த பயணத்தில் இதனை மீண்டும் செய்யவேண்டியிருக்கும். கடைசி இரவில் கணக்கைப் பாருங்கள். உங்கள் நாட்டு நாணயம் அதில் தெரிந்தால் கப்பலை விட்டு இறங்குமுன் திருத்தச் சொல்லுங்கள். துறைமுகத்துக் கடைகளிலும் பணம் எடுக்கும் இயந்திரங்களிலும் இதே கேள்வி வரும். அவ்விடத்து நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். கேட்காமலே மாற்றியிருந்தால் பற்றுச்சீட்டுடன் உங்கள் வங்கியில் முறையிடுங்கள்.

கொழும்புத் துறைமுகத்தின் நாணயமாற்றுக்காரரை அன்றைய பயணிகள் சந்தேகத்துடன் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கேட்டுவிட்டே மாற்றினார். இன்று அந்தக் கேள்வியைப் பயணியே எழுப்பவேண்டியிருக்கிறது. நம்மவர்கள் பல நாடுகளில் வாழ்ந்து, பல நாட்டு அட்டைகளுடன் ஒரே கப்பலில் கூடுகிற இந்தக் காலத்தில், குடும்பத்தில் ஒருவராவது முதல்நாளே அந்த மேசைக்குப் போய் வருவது நல்லது.