பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டு உண்டு



குடவோலை என்றால் உத்திரமேரூர் என்று நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தையே நடத்தியவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். அன்று தென்னார்க்காடு ஜில்லா. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ஜில்லா போர்டு ஹைஸ்கூல்" என்றுதான் பேசுவார்கள். 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1884-இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் வந்தது. சாலை, மருத்துவமனையோடு பள்ளிகளும் ஜில்லா, தாலுகா போர்டுகளின் பொறுப்பாயின. 1920-இல் புதிய உள்ளாட்சிச் சட்டமும், தொடக்கக் கல்விக்கென்று தனிச் சட்டமும் வந்தன.

ஆனால் போர்டு தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை, வரி கட்டுகிறவருக்குத்தான். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் கிஸ்தி ரசீது தாத்தா பெயரில் இருந்ததால் ஓட்டும் தாத்தாவுக்கே போனது. ரசீதே இல்லாத கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கும் என்பதை, ரசீது வைத்திருந்தவர்களே முடிவு செய்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் அந்த நிலை மாறியது. 1958-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. போர்டு நடத்திய தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. வயது வந்த எல்லோரும் ஊராட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். ஊராட்சித் தலைவர்கள் ஒன்றியக் குழுவில் உட்கார்ந்தார்கள். 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். நிர்வாகம் மாறினாலும் பெயர்ப்பலகை மாறவில்லை. இன்றும் கிராமங்களில் "ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி" என்றே எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பல ஊர்களில் பள்ளி வாரியத்துக்கென்றே தனித் தேர்தல் நடக்கிறது. பிள்ளை இல்லாதவரும் ஓட்டுப் போடலாம். வாரியம்தான் பட்ஜெட் போடும். நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே ஓட்டு பெற்றோரிடம் இருக்கிறது.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்து உறுப்பினர் எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். பதவிக் காலம் 2 ஆண்டு.

பாட்டிக்குக் கிடைக்காத ஓட்டு இன்று கூலி வேலை செய்யும் தாய்க்கும் இருக்கிறது. இதற்கு வரி ரசீது தேவையில்லை. அவள் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும்.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள். நமக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர், கேட்டில் நிற்கும் காவலாளி, படிக்கட்டு பெருக்கும் அம்மா எல்லோருக்கும் இருக்கிறது. கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர்கள் நம்மிடம் வேலையில் இருப்பார்கள். கேட்டால் சம்பளம் பிடிப்பார்களோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை.

வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வவுச்சர் பார்த்தவன் சொல்கிறேன்: பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே கணக்கு பாதி ஒழுங்காகிவிடும். பள்ளிக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் நம் வீட்டுச் சமையலறையில் நிற்கக்கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். குழுத் தேர்வு நாளிலும், கூட்ட நாள்களிலும் அவர்களுக்குச் சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், "பள்ளிக்கூடத்தில் கூட்டம் எப்போது?" என்று நீங்களே கேளுங்கள். காவலர், துப்புரவுப் பணியாளர் விஷயத்தில் சங்கமே இதை முடிவு செய்யலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒருவர் தேவை.