28 வயதில் கடைசி மேட்ச், 49 வயதில் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு குட்பை: யார் இந்த மார்கோ வான் பாஸ்டன்?

யூரோ கோப்பை நெருங்கினாலே ஒரு பழைய கோல் வீடியோ சுற்ற ஆரம்பிச்சிடும். ஆரஞ்சு ஜெர்சி போட்ட ஒருத்தர், பெனால்டி பாக்ஸின் வலது ஓரத்தில் நிற்கிறார். உயரமாக வரும் பந்தைத் தரையில் விடாமல் அப்படியே அடிக்கிறார். பந்து கோல் கீப்பரின் தலைக்கு மேலே பறந்து வலையின் மறுபக்கத்தில் விழுகிறது. அந்த இடத்தில் இருந்து கோல் அடிக்கவே முடியாதுன்னு தோணும், ஆனா அடிச்சுட்டார்.

அவர்தான் நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன். மூன்று முறை பாலன் டி'ஓர் விருது வாங்கியவர். அந்த கோல் நிறைய பேருக்குத் தெரியும், அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவங்க குறைவு.

குரூய்ஃபுக்குப் பதிலாக உள்ளே வந்த பையன்

1964 அக்டோபர் 31-ல் உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். 1982 ஏப்ரலில் அயாக்ஸ் அணிக்காக முதல் முறை களமிறங்கியபோது வயது 17. யாருக்குப் பதிலாகத் தெரியுமா? ஜோஹன் குரூய்ஃப். டச்சு கால்பந்தின் ஆகப்பெரிய பெயர் வெளியே போக, இவர் உள்ளே வந்தார். அந்த மேட்ச்சிலேயே கோலும் அடித்தார்.

அயாக்ஸுக்காக லீக்கில் 133 மேட்ச், 128 கோல். 1985-86 சீசனில் மட்டும் 26 மேட்ச்சில் 37 கோல் அடித்து, ஐரோப்பாவின் தங்க ஷூவைத் தட்டினார். 1987-ல் கப் வின்னர்ஸ் கோப்பை இறுதிப் போட்டியின் ஒரே கோலும் இவருடையதுதான். அப்போ அயாக்ஸ் பயிற்சியாளர் அதே குரூய்ஃப்.

ஆனா பிரச்சினையும் அங்கேயேதான் தொடங்கியது. 1986 டிசம்பரில் ஒரு லீக் மேட்ச்சில் எதிரணி வீரரிடம் பந்தைப் பறிக்க சறுக்கிப் போனபோது, வலது கணுக்காலில் அடிபட்டது. இவரை யாரோ உதைத்ததால் வந்த காயம் இல்லை, இவரே போய் மோதியது. காயத்தோடுதான் அந்த சீசனின் பெரிய மேட்ச்களை ஆடினார்.

மியூனிக்: ஒரே மைதானம், இரண்டு இரவுகள்

1987-ல் ஏசி மிலனுக்குப் போனார். முதல் சீசனின் பெரும்பகுதி காயத்திலேயே கழிந்தது. லீக்கில் ஆடியது 11 மேட்ச்தான். அதனால் 1988 யூரோவின் முதல் மேட்ச்சில் பயிற்சியாளர் ரைனஸ் மிக்கெல்ஸ் இவரை ஆரம்பத்தில் பெஞ்ச்சில்தான் உட்கார வைத்தார். சோவியத் யூனியனிடம் நெதர்லாந்து 0-1 என்று தோற்றது.

அடுத்த மேட்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக். அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியை அவங்க மண்ணிலேயே வீழ்த்திய கடைசி நிமிட கோல். ஜூன் 25, மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் இறுதிப் போட்டி. மறுபடியும் சோவியத் யூனியன். முதல் கோலை ரூட் குல்லிட் தலையால் முட்டிப் போட்டார். 54-வது நிமிடத்தில் 37 வயது ஆர்னால்ட் மூரன் இடது பக்கத்தில் இருந்து உயர்த்தி அனுப்பிய பந்துதான், அந்த வீடியோவில் நீங்க பார்த்த கோல். ஏமாந்து நின்ற கோல் கீப்பர் ரினாத் தசாயேவ், அந்தக் காலத்து டாப் கீப்பர்களில் ஒருவர். நெதர்லாந்து இன்னைக்கு வரைக்கும் வென்ற ஒரே பெரிய ஆண்கள் கோப்பை அதுதான்.

அடுத்த நான்கைந்து வருஷம் மிலனின் பொற்காலம். 1989 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இவர் இரண்டு, குல்லிட் இரண்டு என 4-0. 1991-92-ல் மிலன் ஒரு லீக் மேட்ச்கூட தோற்கவில்லை, இவருக்கு 25 கோல். 1992 நவம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் ஒரே மேட்ச்சில் நான்கு கோல். 1988, 1989, 1992 என மூன்று பாலன் டி'ஓர்.

நடுவில் சறுக்கல்களும் உண்டு. 1990 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட இல்லை. 1992 யூரோ அரையிறுதி பெனால்டி ஷூட்அவுட்டில், டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல் தடுத்தது இவருடைய ஷாட்டைத்தான்.

அந்த டிசம்பரில் கணுக்காலில் மறுபடியும் ஆபரேஷன். 1993 மே 26-ல் மார்செய் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இறங்கினார். மிலன் 0-1 என்று தோற்றது. மைதானம் எது? அதே மியூனிக் ஒலிம்பிக் மைதானம். அதுதான் கடைசி மேட்ச்சுன்னு அன்றைக்கு அவருக்கே தெரியாது. வயது 28.

நடக்கக்கூட முடியாத நாட்கள்

இரண்டு வருஷம் சிகிச்சை, முயற்சி, காத்திருப்பு. எதுவும் பலிக்கல. 1995 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். சான் சிரோ மைதானத்தில் சாதாரண உடையில் ரசிகர்களுக்குக் கையசைத்தபடி நடந்தபோது, கறாருக்குப் பேர் போன மிலன் பயிற்சியாளர் ஃபாபியோ கப்பெல்லோ அழுதுவிட்டார்.

வலி ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. இரவில் பாத்ரூம் போகத் தவழ்ந்துதான் போவேன் என்று 2019-ல் வெளியான சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடைசியில் கணுக்கால் எலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். மூட்டு அசையாது, ஆனா வலி அடங்கும். உலகின் சிறந்த ஃபார்வர்டுக்கு முப்பத்தி சொச்சம் வயசில் கிடைத்த 'தீர்வு' இது.

பயிற்சியாளர் ஆனது எப்படி?

கொஞ்ச காலம் கால்பந்து பக்கமே வராமல் இருந்தார். பிறகு அயாக்ஸின் இரண்டாம் அணிக்கு ஒரு சீசன் துணைப் பயிற்சியாளர். அனுபவம் அவ்வளவுதான். 2004 ஜூலையில் நேரடியாக நெதர்லாந்து தேசிய அணியின் தலைமைப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

வந்ததும் சீடோர்ஃப், டேவிட்ஸ், க்ளூய்வர்ட் மாதிரி பெரிய தலைகளை ஓரங்கட்டினார், இளைஞர்களைக் கொண்டுவந்தார். 2006 உலகக் கோப்பை தகுதிச்சுற்றில் 12 மேட்ச்சில் 10 வெற்றி, 2 டிரா. தோல்வியே இல்லை. ஆனா உலகக் கோப்பையில் போர்ச்சுகலிடம் 0-1. 16 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை பறந்த அந்த மேட்ச்சில், கோல் தேவைப்பட்ட நேரத்திலும் வான் நிஸ்டல்ரூயைக் கடைசி வரை பெஞ்ச்சிலேயே வைத்திருந்தார். இன்னைக்கும் பலர் கேட்கும் கேள்வி அது. பெஞ்ச்சில் உட்காரும் ஃபார்வர்டின் மனசு இவரைவிட யாருக்குத் தெரியும்?

2008 யூரோவில் உலக சாம்பியன் இத்தாலியை 3-0, பிரான்ஸை 4-1, ருமேனியாவை 2-0 என்று நொறுக்கினார்கள். கோப்பை இவங்களுக்குத்தான்னு பேச்சு. காலிறுதிக்கு முன்னால் அணி வீரர் ஒருவரின் குறைமாதக் குழந்தை இறந்துபோனது. கறுப்புப் பட்டையோடு ஆடிய நெதர்லாந்து, கூடுதல் நேரத்தில் ரஷ்யாவிடம் 1-3 என்று விழுந்தது. ரஷ்யாவின் பயிற்சியாளர் ஹஸ் ஹிட்டிங்க், இன்னொரு டச்சுக்காரர்!

அடுத்து அயாக்ஸ். ஒரே சீசன், மூன்றாம் இடம், ராஜினாமா. ஹீரன்வீன் அணியில் நிலைமை பரவாயில்லை. 2013-14-ல் ஐந்தாம் இடம், அவருடைய ஃபார்வர்டு ஆல்ஃப்ரெட் ஃபின்போகசன் 29 கோலோடு லீக்கின் டாப் ஸ்கோரர்.

ஏன் விலகினார்?

2014-ல் ஏஇசட் அணிக்கு மாறினார். சீசன் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயப் படபடப்பு, மன அழுத்தம் என்று விடுப்பு. செப்டம்பரில் எடுத்த முடிவு அரிதானது: கிளப்பை விட்டுப் போகல, தலைமைப் பதவியை மட்டும் விட்டுட்டு அதே அணியில் துணைப் பயிற்சியாளராக இறங்கினார். தலைமைப் பொறுப்பு ஜான் வான் டென் புரோமுக்குப் போனது.

தோற்றால் பதவி போகும், பயிற்சியாளர்களுக்கு அது பழகிப்போனது. என்னால் இந்த அழுத்தத்தைத் தாங்க முடியல, உடம்பு கேட்கலன்னு வெளிப்படையாகச் சொல்லி ஒரு படி கீழே இறங்கியவர்கள் ரொம்பக் குறைவு. மிலனில் இவரோடு ஆடிய அன்செலோட்டி பயிற்சியாளராக ஐந்து சாம்பியன்ஸ் லீக் வென்றார். ரைகார்ட் பார்சிலோனாவோடு 2006-ல் வென்றார். அவங்களோடு இவரை ஒப்பிட்டு 'தோல்வி'ன்னு எழுதுவது சுலபம். ஆனா 28 வயசில் உடம்பு சொன்னதைக் கேட்க வேறு வழியே இல்லாதவர், 49 வயசில் தானாகவே கேட்டார்.

2015-ல் டேனி பிளிண்டுக்குத் துணையாக தேசிய அணிக்கு வந்தார். அந்த அணி 2016 யூரோவுக்குத் தகுதி பெறவில்லை. பிறகு ஃபிஃபாவின் தொழில்நுட்ப மேம்பாட்டுப் பொறுப்பில் 2018 வரை இருந்தார். அங்கே 2017-ல் சில யோசனைகளைச் சொல்லி பரபரப்பைக் கிளப்பினார். பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் பதிலாக 25 மீட்டரில் இருந்து பந்தோடு ஓடிவந்து 8 வினாடிக்குள் கோல் அடிக்கணும். தவறு செய்தவரை ஆரஞ்சு அட்டை காட்டி 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கணும். ஆஃப்சைடு விதியை எடுத்தே விடலாமான்னு யோசிக்கணும்.

ஆஃப்சைடு வேண்டாம்னு சொல்ல ஒரு ஃபார்வர்டால்தான் முடியும். அந்த யோசனை இதுவரை எடுபடல.