சித்திரையில் கிளம்பிய விந்தணு

துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். பாய்லருக்கான தடித்த குழாய்களை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். 1960-களில் ‘பெல்’ (BHEL) ஆலை வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தின் பிழைப்பு இது. உயர்ரக அலாய் ஸ்டீலை எடுத்த எடுப்பில் வெல்டிங் பண்ண முடியாது. முதலில் 200 டிகிரி அளவுக்குச் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் குந்தியபடி மணிக்கணக்கில் வேலை பார்க்கும் ஒரு வெல்டரின் உடம்பில், சித்திரை பிறந்த வாரத்தில் ஒரு விந்தணு உருவாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. ஆளும் அணுவும் என் கற்பனை. அந்த அணு போகும் பாதை கற்பனையல்ல.

மூல அணுவிலிருந்து வாலுள்ள விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகும். அதன் பிறகு விரைக்கு மேலே சுருண்டு கிடக்கும் குழாயில் சில நாள் தங்கித்தான் அது நீந்தும் பக்குவத்துக்கு வருகிறது. மொத்தத்தில் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆடியில் கொடுக்கிற சாம்பிள் சித்திரைக் கத்திரியில் வளர்ந்தது. அந்தச் சித்திரையில் அடித்த காய்ச்சலும் குடித்த பீடியும் பட்ட சூடும் ஆடி மாத ரிப்போர்ட்டில்தான் தெரியும்.

சூட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? விரைகள் உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் உற்பத்தி ஒழுங்காக நடக்கும். உள்ளே வரும் தமனியைச் சிரைகள் வலைபோலச் சுற்றிக்கொண்டு அதன் வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. பெல்லில் செய்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வேலையேதான். அந்தச் சிரைகள் புடைத்துவிட்டால் அதற்குப் பெயர் வெரிகோசீல். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கில் யென்ஸ் பீட்டர் போண்டே வெல்டர்களின் விந்தை ஆராய்ந்தார். வெப்பக் கதிர்ப்பில் வேலை செய்தவர்களுக்குத் தரம் குறைந்ததையும், சூட்டிலிருந்து விலகியபோது அது தேறியதையும் பதிவு செய்தார். நம்மூர் ஷெட்டுகளில் கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை தருவார்கள். இந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை.

வளரும்போது விந்தணு தன் சுமையை எல்லாம் கழற்றிப் போடுகிறது. தலையில் டிஎன்ஏவை இறுகச் சுருட்டி வைத்துக்கொண்டு, கழுத்தை அடுத்த பகுதியில் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, பின்னால் வால் என்று கிளம்பிவிடுகிறது. தலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. சுமையைக் கழற்றியபோதே பழுது பார்க்கும் கருவிகளையும் கிட்டத்தட்ட விட்டுவிட்டது. அதன்பின் டிஎன்ஏ இழையில் முறிவு வந்தால் தானாகச் சரிசெய்துகொள்ள வழியில்லை. கருமுட்டைக்குள் போனால் முட்டை ஓரளவு ஒட்டுப்போடும். முட்டைக்கு வயது கூடக்கூட அந்தத் திறனும் குறையும்.

இனி அது வெளியே வரவேண்டும். அதற்கு முன் வீட்டில் நடந்தது தெரிந்த கதைதான். மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கர்ப்பக்குழாய் டெஸ்ட், சஷ்டி விரதம், சமயபுரத்தில் நேர்த்திக்கடன், வேப்பமரத்தில் தொட்டில் எல்லாம் முடிந்த பிறகுதான் “மாப்பிள்ளையும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தா என்ன?” என்று யாரோ ஒரு அத்தை தயங்கித் தயங்கிக் கேட்பார். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் கலந்திருக்கிறது. இருப்பதிலேயே வலியில்லாத, செலவு குறைந்த சோதனை ஆணுடையது. அதைக் கடைசியில் வைப்பது வெறும் மானப் பிரச்சினை. அதன் விலையைப் பெண்ணின் உடம்பு கொடுக்கிறது.

சாம்பிளை வீட்டிலேயே எடுத்துவரலாமா என்று வெல்டர் கேட்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும், உடல் சூட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். துவாக்குடியில் பஸ் ஏறி, திருவெறும்பூர், அரியமங்கலம், பால்பண்ணை தாண்டி ஆஸ்பத்திரிகள் மொய்க்கும் தில்லைநகர் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கெடு போய்விடும். அங்கேயே ஓர் அறை தருகிறார்கள். “கைய நல்லா கழுவிக்கங்கண்ணே. ஒரு சொட்டு வெளிய சிந்தினாலும் சொல்லிடுங்க” என்கிறார் டெக்னீஷியன். முதல் சொட்டில்தான் அணுக்கள் அதிகம், அதனால் அந்த எச்சரிக்கை.

அரை மணியில் விந்து இளகுகிறது. பிறகு மைக்ரோஸ்கோப். 1677-ல் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் கைப்பட அரைத்த லென்ஸில் பார்த்து விவரித்த அதே காட்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழ்வரம்பாகச் சொல்வது: மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், நூற்றுக்கு 42 அசைவன, 4 சரியான வடிவம் கொண்டவை. ஆம், நாலே நாலு. “96 பழுதா?” என்று அலறவேண்டாம். ஆரோக்கியமான அப்பாக்களிலும் கடைக்கோடியினரின் அளவு அது.

நம் அணு அசைகிறது. ஆனால் கூட்டத்தோடு இருக்கிறது. செத்தவை, சிதைந்தவை, வெள்ளணுக்கள் எல்லாம் கலந்த கூட்டம். இதிலிருந்து நல்லதைப் பிரிக்க லேப்களின் வழக்கமான வழி இரண்டு. ஒன்று, மேலே கல்ச்சர் திரவத்தை ஊற்றி, தானாக நீந்தி ஏறுகிறவற்றை எடுப்பது. மற்றது, அடர்த்தி வேறுபட்ட இரண்டு அடுக்குத் திரவத்தின் மேல் விந்தை விட்டு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுவது. கனத்த, முழுமையான அணுக்கள் அடியில் சேரும். சுற்றுவதில் ஒரு வில்லங்கம். விந்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றி அடியில் திரட்டும்போது பழுதான அணுக்களும் வெள்ளணுக்களும் ஆக்சிஜன் நச்சுகளை வெளியிட்டு, பக்கத்திலிருக்கும் நல்லவற்றையும் கெடுக்கின்றன என்று ஜான் எய்ட்கன் 1988-லேயே காட்டினார்.

சுற்றாமலே விந்தணுவைப் பிரிக்கும் ‘சிப்’ வந்த காரணம் இதுதான். 2003-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஷுயிச்சி தக்கயாமாவும் கேரி ஸ்மித்தும் அடங்கிய குழு முடியளவு வாய்க்கால்களில் இரண்டு ஓடைகளைப் பக்கம் பக்கமாக ஓடவிட்டது. அவ்வளவு குறுகலில் நீர் கலப்பதில்லை, அதனதன் தடத்தில் போகும். விந்து ஓடையிலிருந்து தூய திரவ ஓடைக்குத் தாண்டி வருவது நீந்தத் தெரிந்த அணு மட்டும். சென்ட்ரிஃபியூஜ் வேண்டியதில்லை. பின்னர் உட்கன் டெமிர்ஜியின் குழு வளர்த்த வகைதான் இன்று சந்தையில் அதிகம் விற்கிறது. கீழறையில் விந்து, மேலே நுண்துளைச் சவ்வு, அதற்கும் மேல் திரவம். 37 டிகிரியில் அரை மணி வைத்துவிட்டு மேலேயிருப்பதை உறிஞ்சி எடுத்தால் போதும். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் பிளாஸ்டிக் துண்டு. இப்படி எடுத்தவற்றில் டிஎன்ஏ முறிவு வெகுவாகக் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் அணு தாண்டிவிட்டது. அடுத்தது ஊசி. 1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஜியான்பியேரோ பலெர்மோ குழு அறிவித்த இக்ஸி முறையில், எம்பிரியாலஜிஸ்ட் ஓர் அணுவைத் தேர்ந்து, கண்ணாடி ஊசியால் அதன் வாலை நசுக்கி அசைவை நிறுத்தி, முட்டைக்குள் செலுத்துகிறார். கோடிக்கணக்கில் கிளம்பியதன் கடைசிக் கட்டம் ஒரு மனிதரின் கண்பார்வைத் தீர்ப்பு.

இனி விளம்பரப் பலகையில் இல்லாத பகுதி. டிஎன்ஏ முறிவு குறைந்தது சரி, குழந்தைகள் கூடுதலாகப் பிறந்தனவா? 2022-ல் வெளியான ஓர் அமெரிக்கப் பரிசோதனையில் சிப்பையும் சென்ட்ரிஃபியூஜையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டார்கள். கருவின் தரத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஹயலூரோனான் என்ற பொருளைப் பூசிய தட்டில் ஒட்டும் அணுவைத் தேர்வு செய்யும் பிக்ஸி முறையை 2019-ல் பிரிட்டனில் பெரிய அளவில் சோதித்தபோதும் பிறப்பு விகிதம் கூடவில்லை. என் தீர்ப்பு: சிப் நல்ல கருவி, எல்லோருக்கும் தேவையான கருவி அல்ல. டிஎன்ஏ முறிவு அதிகம் என்று ரிப்போர்ட் வந்தவர்கள், கரு திரும்பத் திரும்பக் கலைந்தவர்கள் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். மற்றவர்களின் பில்லில் அது ஒரு கூடுதல் வரி.

இன்னொன்று. ஆணா பெண்ணா என்று பார்த்து விந்தணுவைப் பிரிக்கும் நுட்பமும் இருக்கிறது. எக்ஸ் தாங்கிய அணுவில் டிஎன்ஏ சற்றே அதிகம் என்பதை வைத்துப் பிரிக்கிறார்கள். ஊட்டியில் அரசே கிடேரிக் கன்றுகளுக்காக அப்படி மாட்டு விந்தைப் பிரிக்கிறது. மனிதருக்குச் செய்தால் குற்றம். கருத்தரிக்கும் முன்பே பாலினம் தேர்வதையும் 2003 முதல் நடப்பில் உள்ள சட்டத் திருத்தம் தடுக்கிறது. “நல்ல அணு தேர்ந்து தருகிறோம்” என்று சொல்லிக்கொண்டே யாராவது ஆண் குழந்தையைச் சாடையாகப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிப்புக்குப் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: டிஎன்ஏ முறிவு சோதனை செய்தீர்களா, வெரிகோசீல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா, சூட்டையும் பீடியையும் விட்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு சாம்பிள் எடுத்துப் பார்க்கலாமா? முட்டையின் வயது இடம் கொடுத்தால் மூன்றாவதற்குச் செலவு மிகக் குறைவு.