நத்தார்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கிறிஸ்துமஸை நத்தார் என்போம். 'ஆர்' என்று முடிவதால் மரியாதைப் பன்மை போலத் தோன்றும், அப்படியில்லை. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் 'நத்தால்' நம் நாவில் இப்படித் திரிந்தது. சிங்களத்தில் அது 'நத்தல்'. மூலம் லத்தீன்; பொருள் பிறப்பு. 1497இல் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா கண்ட தென்னாபிரிக்கக் கரைக்கும் இதே பெயர்தான். அங்கே 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களிலும் தமிழர் உண்டு. தேயிலைக்கு வந்த நம்மவர்களின் உறவுகள் என்றே அவர்களை எண்ணத் தோன்றுகிறது.

இந்தச் சொல்லுக்குள் விருந்தில்லை, புத்தாடையில்லை. ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த மகிழ்ச்சியை வறுமை பறிக்க முடியாது. சத்திரத்தில் இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட பாலகனின் கதையை, பத்தடிக்குப் பன்னிரண்டடி தோட்ட லயக் காம்பராவில் பிள்ளைகளை வளர்த்த தாய்மாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகமெங்கும் மண் சரிந்தது. நான்கு வாரத்தில் நத்தார் வந்தது. வீடிழந்தவர்களுக்கும் அது பிறப்பின் நாளாகவே வந்தது.

அடுத்த முறை வாழ்த்தும்போது, பொருளறிந்து, நத்தார் வாழ்த்து என்றே சொல்லுங்கள்.