இராசராசேச்சரங் கண்ட ஆண்டு

ஒரு நாட்டின் வாழ்வில் ஆண்டுகள் பல வந்து கழியினும், அந்நாட்டு மக்களின் அறிவும் ஆற்றலும் அன்பும் ஒருங்கு திரண்டு ஓருருக்கொண்டு நிற்கும் ஆண்டுகள் மிகச் சிலவேயாம். சோழநாட்டிற்கு அத்தகையதோர் ஆண்டு கி.பி. 1010. முதலாம் இராசராசதேவர் தஞ்சையில் எடுப்பித்த இராசராசேச்சரத்தின் திருவிமானம் முடிபெய்தியதும், அத்திருக்கோயிற்கு வழங்கப்பெற்றன யாவும் கல்லில் வெட்டப்பெறுமாறு அவர் ஆணையிட்டதும் அவ்வோராண்டினுள்ளேயே நிகழ்ந்தன. முன்னதனை உலகம் வியந்து போற்றுகின்றது. பின்னதன் அருமையோ சைவநன்மக்களுள்ளும் பலரால் உணரப்பட்டிலது. ஆதலின் இரண்டனையும் ஒருசேர வைத்து நோக்குதல் பயனுடைத்தாம்.

இராசராசர் அரசுகட்டில் ஏறியது கி.பி. 985ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் என்பது வரலாற்றறிஞர் துணிபு. அதன்படி கணக்கிடின், அவர்தம் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாள் 1010ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமையும். அந்நாளிலேதான் திருவிமானத்தின் உச்சியிலுள்ள தூபியில் வைத்தற்குரிய செப்புக்குடத்தை மன்னர் வழங்கினார். அக்குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. இவ்வளவு நுட்பமாக இஃது அறியப்படுமாறு யாங்ஙனமெனின், கோயிற் கல்வெட்டே இதனைக் கூறுதலான் என்க.

கருங்கல் கிடையாத காவிரிச் சமவெளியிலே, ஏறத்தாழ 200 அடி உயரத்திற்குப் பதின்மூன்று நிலையாக எழுந்த அவ்விமானம் தட்சிணமேரு எனப் பெயர் பெற்றது. அதனைச் சமைத்த பெருந்தச்சர் குஞ்சரமல்லரின் பெயரும் கல்வெட்டிற் காணப்படுகின்றது. உச்சியிலுள்ள சிகரம் ஒரே கல்லென்றும், விமானத்தின் நிழல் தரையில் விழாதென்றும் வழங்குங் கதைகள் உண்மையல்ல. சிகரம் பல கற்களை இணைத்து அமைத்ததேயாம். நிழலும் ஏனைக் கட்டடங்களின் நிழல்போல் விழுவதேயாம். பொய்யான புகழ் அத்திருக்கோயிற்கு வேண்டப்படுவதன்று. உள்ள புகழே அளவிறந்தது.

இனி, அவ்வாண்டின் இரண்டாவது நிகழ்ச்சியைக் காண்போம். தூபிக்குடம் வழங்கியதற்கு ஏறக்குறைய 110 நாட்களின் பின்னர், 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள், தஞ்சை அரண்மனையில் வீற்றிருந்த மன்னர், தாம் கொடுத்தனவும், தம் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் கொடுத்தனவும், தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய எல்லாவற்றையும் விமானத்திலே கல்லில் வெட்டுக என்று திருவாய் மலர்ந்தருளினார். தம் கொடையை மட்டும் பொறித்துப் பிறர் கொடையை மறைத்தல் அரசர்க்கு எளிது. அங்ஙனஞ் செய்யாது, கொடுத்தார் யாவராயினும் இறைவன் திருமுன் அவர் கொடையும் நிலைபெறுக என்று கருதிய உள்ளம் பெரிது. அவர் சிவபாதசேகரன் என்னும் பெயர் பூண்டிருந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிவன் திருவடியைத் தலைமேற் சூடியவர்க்கு யான் எனதென்னுஞ் செருக்குத் தளர்தல் இயல்பன்றோ?

அவ்வாணைப்படி எழுந்த கல்வெட்டுக்களின் திருத்தம் வியக்கத்தக்கது. அணிகலன்களை நிறுக்குங்கால் சரடும் அரக்கும் முதலியவற்றுள் எவை நிறையிற் சேர்ந்தன, எவை சேர்ந்தில என்பதுங்கூட எழுதப்பட்டுள்ளது. ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடு என்னுங் கணக்கும், அவ்வாடுகளை ஏற்று நாடோறும் நெய் அளக்கக் கடவோர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. அந்நாளைய கோயிலதிகாரி ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பார் சம்பந்தர், நாவரசர், ஆரூரர், பரவை நங்கையார் ஆகியோர் திருமேனிகளை எழுந்தருளுவித்த செய்தியும் உளது. பல ஊர்த் தளிகளினின்றும் கொணர்ந்து குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரும் பெயரோடும் மனையிருக்கையோடும் எழுதப்பெற்றனர்.

சைவர்க்கு இவற்றினும் இனியது ஒன்று உண்டு. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேர்க்கும், அவர்களுடன் உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவர்க்கும் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்லாக நிவந்தம் வகுக்கப்பட்டது. அப்பாடுவாருட் பலர் சிவன் என முடியுந் தீக்கைப்பெயர் உடையர். ஒருவர் இறப்பின் அவர்க்கு அணுக்கராயினார் அப்பணியைச் செய்க என்றும், அவர் தகுதியிலராயின் தக்கார் ஒருவரைத் தெரிந்து இடுக என்றும் விதித்தனர். தேவாரம் ஒருநாளும் ஒழியலாகாதென்னுங் கவலை அவ்விதியிற் புலனாகின்றது.

இத்துணைச் செல்வமும் எங்கிருந்து வந்ததென வினவுதலும் நேர்மையாளர் கடன். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்தினின்றும் செய்தளித்த பொன்னும் வெள்ளியும் பல என்று கல்வெட்டே மறையாது சொல்கின்றது. ஈழத்து ஊர்களும் இத்திருக்கோயிற்கு இறுக்கக் கடமைப்பட்டிருந்தன. வென்றதைத் தமதாக வைத்துக்கொள்ளாது இறைவற்கு ஆக்கியது சிறப்பே. ஆயினும், கொடுத்தார் பெயரெல்லாம் தாங்கி நிற்கும் அக்கற்களில், அப்போர்களில் இழந்தார் பெயர் இல்லை. அவ்வாண்டின் பெருமையைப் பேசுங்கால் இதனையும் மறவாதிருத்தல் சிவநெறிக்கு ஏற்புடைத்து.

பின்னர் நிகழ்ந்தது யாது? இராசேந்திரர் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாற்றினார். 1279ஆம் ஆண்டளவிற் சோழர் ஆட்சியே முடிவுற்றது. எடுப்பித்தவர் பெயரையும் மக்கள் மறந்தனர். தலபுராணம் அப்பெருமையைக் கரிகாலர்க்கு ஏற்றிக் கூறிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுக்களைப் படித்து வெளியிட்ட பின்னரே உண்மை மீண்டும் விளங்கிற்று. நாடோறும் அச்சுவரை வலம்வந்தோர் கண்முன்னரே அவ்வெழுத்துக்கள் இருந்தன. படிப்பார் இன்றிக் கிடந்தன. 1010இல் இட்ட அவ்வாணை இல்லையாயின் இராசராசேச்சரம் இன்றும் பெயரறியாதார் எடுத்த மலையாகவே நின்றிருக்கும்.

இதனாற் பெறப்படுவது ஒன்றுண்டு. திருப்பணி என்னும் பெயரால், மணல் வீசிச் சுவரைத் தூய்மை செய்தும், பழங்கற்களை இடம்மாற்றியும் கல்வெட்டுக்கள் அழிக்கப்பெற்ற கோயில்கள் தமிழகத்தில் உள. இராசராசர் செய்ததோ வேறு. திருமழபாடித் திருவிமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு தம் 28ஆம் ஆட்சியாண்டில் அவர் ஆணையிட்டபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுக்களை முன்னர்ப் படியெடுத்துக்கொள்ளச் செய்தார். அவை இராசேந்திரர் காலத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பெற்றன. தமக்கு முன்னிருந்தார் செய்த அறத்தையும் காத்தவரே தம் அறம் காக்கப்படுதற்கு உரியர். இன்று கோயிற் சுவரைத் தொடுமுன் அதிலுள்ள எழுத்தைப் படித்துப் படியெடுத்து வைத்தல் அன்பர்க்கெல்லாம் உரிய சிவத்தொண்டாம். அத்தொண்டினை இயற்றுவார் 1010ஆம் ஆண்டில் இட்ட ஆணையை இன்றும் நிறைவேற்றுவாராவர்.

திருச்சிற்றம்பலம்.