லக்ஷபானத் திட்டமும் நாட்டின் வலுக்கொள்கையும்

டிக்கோயாவை அடுத்து, 1878ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமாரின் வழிபாட்டுக்கென எழுந்த வார்லித் தேவாலயம் ஒரு மேட்டின்மீது நிற்கின்றது. அதன் முன்றிலில் நின்று நோக்குவார்க்குக் கீழே பரந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம், மலைகள் தோன்றிய காலந்தொட்டு ஆங்கிருந்த ஏரியெனவே தோன்றும். உண்மை அதுவன்று. தேவாலயம் எழுந்து ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பள்ளத்தாக்கிலே நீர் தேங்கிற்று. அதற்கு முன் அங்கிருந்தவை தேயிலை மலைகளும், அவற்றினூடே பொகவந்தலாவையிலிருந்து நோர்வூட் வழியாக ஓடிவரும் கெஹெல்கமு ஓயாவுமே. அவ்வோயாவும், சிவனொளிபாதமலைச் சாரலின் நீரைத் திரட்டிவரும் மஸ்கெலிய ஓயாவும் மலையடிவாரத்திற் கூடியே களனி கங்கையாகின்றன. இவ்விரண்டு ஓயாக்களின் கதையே, நெடுங்காலம் இலங்கையின் வலுக்கொள்கையின் கதையாகவும் இருந்தது. புவி வெப்பமடைதலைத் தடுக்கும் பொருட்டு எல்லா நாடுகளும் தத்தம் வலுக்கொள்கையைத் திருத்தியமைக்கும் இந்நாளிலே அக்கதையைத் திரும்பிப் பார்த்தல் தகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே இரு செய்திகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1895இல் அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சியிலே பெரும் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு மறு ஆண்டிலே சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் அரீனியசு, நிலக்கரி எரிவதால் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டு உலகின் வெப்பநிலையை உயர்த்தும் என்று கணித்துக் கூறினார். அவர் கூற்றை அக்காலத்தில் ஆட்சியாளர் எவரும் பொருட்படுத்தவில்லை. நயாகராவையோ உலகம் முழுவதும் பின்பற்றிற்று. மைசூர் சமத்தானம் 1902இலே சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார்த் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பியது. நீலகிரியின் பைக்காரா 1932இலே மின்னுற்பத்தி செய்யத் தொடங்கியது. பைக்காராவிலும் செழிப்பான அருவிகளையுடைய லக்ஷபானவோ 1950 வரை காத்திருக்க நேர்ந்தது. ஏன் என்பதே வினா.

அருவிகளின் வலுவைக் கண்டுகொள்ளாதோர் இருந்தனர் என்று சொல்லுதற்கில்லை. காலியிலே 1874இற் பிறந்து, பொதுமராமத்துப் பகுதியிற் பொறியியலாளராகக் கடமையாற்றிய தே. ஜ. விமலசுரேந்திர அதனைத் தெளிவாகக் கண்டார். 1912இலே நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூலிலே சிறியதொரு நீர்மின்னிலையம் அவர் முயற்சியால் அமைந்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. 1918இலே இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் அவர் வாசித்த ஆய்வுரை, இலங்கையில் வலுவைப் பயன்படுத்துதலின் பொருளாதாரம் பற்றியது. கெஹெல்கமு ஓயாவின் எபர்டீன் அருவியும் மஸ்கெலிய ஓயாவின் லக்ஷபான அருவியும் நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தரவல்லன என்பது அதன் சாரம். அதனைக் கேட்ட ஆட்சியாளர் பலர் நகைத்தனர். இத்துணை மின்சாரத்தை வாங்குவார் யார், இங்குத் தொழிற்சாலைகள் எங்கே என்பதே அன்னார் வாதம்.

அவ்வாதத்தை முற்றிலும் பேதைமை என்று ஒதுக்குதல் நீதியன்று. கொள்வோர் இன்றி மின்சாரத்தை உண்டாக்கிப் பயனில்லை என்பது வணிகர்க்கு இயல்பான சிந்தனை. ஆயினும், தேவை பிறந்த பின்னரே வலு தேடவேண்டும் என்போர், வலு கிடைத்தமையாலேயே தேவை பிறந்த நாடுகளைக் கண்டிலர். மேலும், தேவை கண்முன்னேயே இருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பல தத்தம் தோட்டத்து ஓடைகளிலே சுழலிகளை நிறுத்தி, தண்டுகளாலும் பட்டிகளாலும் கொழுந்தரைக்கும் உருளைகளை அக்காலத்திலேயே இயக்கிவந்தன. நீரின் வலுவைத் துரைமார் அறிவர். அதனை நாட்டுக்குரியதாக எண்ணிப்பார்க்கும் மனமே வாய்க்கவில்லை.

1924இலே லக்ஷபான வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளுள் பணமில்லை என்று நின்றது. இதற்கிடையே கொழும்பிலே 1929இல் ஸ்டான்லி மின்னிலையம் திறக்கப்பெற்றது. அது கப்பலில் வந்திறங்கும் எரிபொருளைக் கொண்டு இயங்குவது. அருவியை விட்டு எண்ணெயைத் தழுவிய முதற் சந்தர்ப்பம் இதுவே. கடைசிச் சந்தர்ப்பம் அன்று. உத்தியோகத்தை விட்டு நீங்கிய விமலசுரேந்திர 1931இலே இரத்தினபுரித் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையிற் புகுந்து, தாம் கண்ட திட்டத்துக்காக வாதாடினார். 1938இலே வேலை மீண்டும் தொடங்கிற்று. உலகப்போர் அதனை மேலும் தாமதித்தது. இறுதியில், 1950ஆம் ஆண்டு முடிவிலே, ஆயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய்வழி வீழும் நீர் பெல்ற்றன் சக்கரங்களைச் சுழற்றி, 25 மெகாவாற்று வலுவைப் பிறப்பித்தது. ஆய்வுரை வாசித்த நாளிலிருந்து எண்ணின் முப்பத்திரண்டு ஆண்டுகள். அதனைத் தம் கண்ணாற் கண்ட பின்னரே விமலசுரேந்திர 1953இலே மறைந்தார்.

பின்னர் வேலை விரைந்து நடந்தது. 1958இலே பழைய லக்ஷபானவின் வலு 50 மெகாவாற்றாக இரட்டித்தது. ஆயினும் நோட்டன்பிரிட்ஜிலுள்ள அணை மிகச் சிறியது. மழை பெய்தால் நீர் வழிந்தோடும். வெயில் எறித்தால் இயந்திரம் ஓயும். ஆதலின் மழைக்காலத்து நீரை வறண்ட மாதங்களுக்குச் சேமித்துவைக்கும் பெருந்தேக்கம் வேண்டியதாயிற்று. அதுவே காசல்ரீ. அதன் நீர் சுரங்கவழி இறங்கி, 1965இலே தொடங்கிய 50 மெகாவாற்று நிலையத்தை இயக்குகின்றது. அந்நிலையம் விமலசுரேந்திரவின் பெயரையே தாங்கியுள்ளது. அடுத்து மஸ்கெலிய ஓயாவிலே மவுஸ்ஸாகலை அணை எழுந்தது. அது காசல்ரீயினும் இருமடங்குக்கு மேற்பட்ட நீரைக் கொள்ளும். 1969இலே பொல்பிட்டிய நிலையம் 75 மெகாவாற்றும், 1974இலே புதிய லக்ஷபான 100 மெகாவாற்றும் தந்தன. கனியன் நிலையத்தின் 60 மெகாவாற்று 1980களிலே சேர்ந்தது. இவ்வமைப்பின் சிறப்பு, ஒரே நீர் பலமுறை உழைப்பதாகும். காசல்ரீயில் விழும் மழைத்துளி விமலசுரேந்திர நிலையத்திலும், பழைய லக்ஷபானவிலும், பொல்பிட்டியவிலும் முறையே சக்கரத்தைச் சுழற்றிய பின்னரே களனியை அடைகின்றது. மலைச்சரிவின் ஒவ்வோர் அடியும் கணக்கிற் கொள்ளப்பட்டது என்க.

அக்கணக்கிலே கொள்ளப்படாதவர்களும் உளர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்குரிமையும் அவர் கைவிட்டுப் போயிற்று. ஆகவே, 1950இலே லக்ஷபான ஒளி கொழும்பை அடைந்தபோது, அவ்வொளி பிறந்த மலைகளின் மக்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லும் உரிமையற்றவராயிருந்தனர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவுசெய்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேதான் விமலசுரேந்திர நிலையத்தின் சக்கரங்கள் சுழன்றன. மஸ்கெலியாவின் பழைய நகரம் நீருள் மூழ்கிப் புதிய நகரம் மேட்டிலே எழுந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளிப்படுதலைச் சென்று காண்பார் இன்றும் பலர். தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் மின்சாரம் வந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும், உயரழுத்தக் கம்பிகள் கூரைமேற் செல்ல, லயன் அறைகளிலே மண்ணெண்ணெய் விளக்கின் புகையே சூழ்ந்திருந்தது. வலுக்கொள்கை என்பது எவ்வளவு மின்சாரம் என்னும் வினாவோடு, எவர்க்கு என்னும் வினாவையும் உடையது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மகாவலியின் பெரும் அணைகளாகிய விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்பன 1980களிலே சேர்ந்தமையால், 1990இலே நாட்டின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீரிலிருந்தே கிடைத்தது. உலகநாடுகள் இன்று இலக்காகக் கொள்ளும் புகையற்ற மின்சாரம் அன்றே இலங்கையின் கையிலிருந்தது! ஆயினும் அது கொள்கையின் வெற்றியன்று, மலையின் கொடையே. தேவை வளர, அருவிகள் வளரவில்லை. 1996இலே மழை பொய்த்தது. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அச்சத்தால் எடுக்கும் முடிவு பெரும்பாலும் விலையுயர்ந்ததாகவே முடியும். எண்ணெயால் இயங்கும் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நுரைச்சோலையிலே 2011இல் முதற்கூறு இயங்கிய நிலக்கரி நிலையம் 2014இலே 900 மெகாவாற்றாயிற்று. நிலக்கரியால் ஓர் அலகு மின்சாரம் உண்டாக்க ஏறக்குறைய ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளிப்படும். அந்நிலையம் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லியன் அலகளவிற் பிறப்பித்ததாகக் கொள்ளின், ஐம்பது இலட்சம் தொன் வளிமண்டலத்தை அடையும். அரீனியசின் கணக்கு இங்கே நம்மை வந்தடைகின்றது.

அதே 1996ஆம் ஆண்டிலே இன்னொன்றும் நிகழ்ந்தது. டிக்கோயாவிலே ஒரு மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த தனியார் சிறு நீர்மின்னிலையம் ஒன்று நாட்டின் மின்வலையோடு இணைந்தது. வறட்சியின் ஆரவாரத்திலே அதனைக் கவனித்தோர் சிலரே. மின்வலையின் மலிவான மின்சாரம் வந்தபின் தோட்டத்து ஓடைகளிலே துருப்பிடித்துக் கிடந்த பழைய சுழலிகளின் எண்ணம் புதிய வடிவிலே மீண்டது. அதன் வழியிற் பிறந்த சிறு நிலையங்களின் மொத்த வலு 400 மெகாவாற்றைக் கடந்து, லக்ஷபானத் தொகுதி முழுவதையும் விஞ்சிவிட்டது. ஓடையிலே நீரே இல்லாதவாறு குழாயில் அடைத்துவிடும் நிலையங்களும் அவற்றுள் உண்டு. சிறியது என்பதாலேயே தீதற்றது என்று எண்ணுதல் கூடாது. பெரிய திட்டங்களிலும் இவ்வழக்கு எழுந்தது. மேற்கொத்மலைத் திட்டம் சென்கிளயர் அருவியை அழித்துவிடும் என்று தலவாக்கலைப் பகுதி மக்கள் எதிர்த்தனர். பகற்பொழுதிலே அருவிக்கு நீர் விடவேண்டும் என்ற நிபந்தனையோடு 150 மெகாவாற்று நிலையம் 2012இலே இயங்கத் தொடங்கிற்று. 1950இலே வாய்திறக்க இயலாதிருந்த மலைமக்களின் குரல் இம்முறை ஓரளவேனும் கேட்கப்பட்டது.

2016இலே இலங்கை பாரிசு உடன்படிக்கையை ஏற்றது. சம்பூரிலே அமைக்கவிருந்த நிலக்கரி நிலையம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. 2021இலே அரசாங்கம், 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்றும், புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லையென்றும் உலகின் முன் உறுதியளித்தது. உறுதியின் மை உலருமுன்னரே சோதனை வந்தது. 2022 மார்ச்சு இறுதியிலே, எண்ணெய் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் நாடு இருளில் மூழ்கியது. தட்பவெப்பத்தின் பொருட்டு எண்ணெயைக் குறைத்தல் செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று கூறிவந்தோர் அந்நாளின் பின்னர் அவ்வாறு கூறுதல் அரிது. 1929இலே எண்ணெயை நாடியோர்க்கும் இச்செலவு தெரிந்திருக்கவில்லை.

கூரைகள்தோறும் கதிரொளித் தகடுகள் பெருகிவரும் இக்காலத்திலே இடர்ப்பாடு வேறு வடிவம் கொண்டுள்ளது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்குச் சற்று முன்னர், பாணந்துறை உப மின்னிலையத்திலே ஒரு குரங்கு கம்பியைத் தொட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. குரங்கைப் பற்றியே பலரும் நகையாடினர். உண்மையிலே, தேவை குறைந்த விடுமுறை நாளிற் கதிரொளி மின்சாரம் மிகுந்திருந்தமையால், அதிர்ச்சியைத் தாங்கவல்ல கனத்த சுழலிகள் போதிய அளவில் இயங்காதிருந்தன. கதிரவன் நடுப்பகலில் மிகுதியாகத் தருவான். மின்வலையின் உச்சத்தேவையோ மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடைப்பட்டது. இவ்விடைவெளியை மின்கலங்களால் நிரப்புவர். அரநாயக்கப் பகுதியில் மகா ஓயாவை ஒட்டி 600 மெகாவாற்று நீரேற்று நிலையம் அமைக்கவும் திட்டம் வகுத்துள்ளனர். அது கட்டப்படும் வரையில், அப்பணிக்குத் தகுதியான கருவிகளுள் முதன்மையானவை மலைநாட்டின் பழைய தேக்கங்களே. மழைக்கும் வறட்சிக்கும் இடைப்பட்ட மாதங்களை நிரப்பக் கட்டிய காசல்ரீ, பகலுக்கும் இரவுக்கும் இடைப்பட்ட மணிகளையும் நிரப்பவல்லது. தகடுகள் நிறைய உற்பத்தி செய்யும் நேரத்திலே மதகை மூடி நீரைக் காத்து, வீடுகளில் விளக்கேற்றும் வேளையிலே திறந்துவிடுதல் வேண்டும். நோட்டன்பிரிட்ஜின் சுழலிகள் சில நிமிடங்களிற் சுமையேற்கக் கூடியவை. நுரைச்சோலையின் கொதிகலனுக்கு மணிக்கணக்கு வேண்டும்.