தனிச் சீட்டா? ரெயில் பாஸா?

பினாங்குத் துறைமுகத்தின் அருகே, வெல்டு கீ வீதியில், மணிக்கூண்டோடு கூடிய வெண்ணிறக் கட்டடமொன்று நிற்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். இன்று அது சுங்க இலாகாவின் பெயரால் வழங்குகின்றது. ஆனால் 1907-ஆம் ஆண்டளவில் அது எழுப்பப்பட்டது ஐக்கிய மலாய் நாட்டு ரெயில்வேக்காகவே. அங்கே இருப்புப்பாதை ஓரடியும் போடப்பட்டதில்லை. பிரயாணி சீட்டை அங்கே பெற்று, ரெயில்வேயின் படகேறி, அக்கரையிலுள்ள பிறையில் வண்டி பிடித்தான். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பானுக்கும், 1909-இல் ஜொகூர் பாருவுக்கும் பாதை எட்டியது. 1918-இல் பாடாங் பெசாரில் சயாம் தேசத்துப் பாதையோடும் இணைந்தது.

அத்துறையில் வந்திறங்கிய நம் முன்னோருக்குச் சீட்டைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்ததா? இல்லை என்றே வரலாறு கூறுகின்றது. ஒப்பந்தக் கூலியாய் வந்தவனுக்குக் கப்பற் கட்டணம் பெரும்பாலும் கடனாகவே ஏறிற்று. கடன் தீருமளவும் அவன் கால் கட்டுண்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரிப்பணத்தால் தொழிலாளிக்கு இலவசப் பிரயாணம் கிடைத்தது. அச்செலவு அவன் தலையில் கடனாய் விழவில்லை. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசாங்கம் பிறர் செலவில் கூலிகளை அனுப்புவதையே தடுத்துவிட்டது. பிரயாணச் செலவைக் கொடுப்பவன் யார் என்பதைப் பொறுத்தே பிரயாணியின் சுதந்தரம் அமைந்தது என்பது இதனால் விளங்கும்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று நம் கைப்பொருளைக் கொண்டே அயல்நாடு காணப் புறப்படுகின்றோம். தனித்தனிச் சீட்டு வாங்குவதா, ரெயில் பாஸ் வாங்குவதா என்ற கேள்வி அப்பொழுது எழுகின்றது. பாஸ் என்பது குறித்த நாட்களுக்குள் பல வண்டிகளில் ஏறும் உரிமையாகும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கென யூரெயில் பாஸ் 1959-இல் 13 நாடுகளுக்குத் தொடங்கப்பெற்றது. ஐரோப்பிய இளைஞருக்கென இண்டர்ரெயில் 1972-இல் தோன்றிற்று. இந்தியாவில் அயல்நாட்டார்க்கு வழங்கிவந்த இண்ட்ரெயில் பாஸோ 2017-இல் நின்றுபோயிற்று. ஆதலால் பழனிக்கும் மதுரைக்கும் போகும் நம்மவர்க்கு அங்கே தனிச் சீட்டே வழி.

பாஸ் எப்பொழுதும் இலாபம் என்று நம்புவோர் நம்மிற் பலர். அது மூடநம்பிக்கை. ஜப்பானை எடுத்துக்கொள்வோம். ஏழு நாள் பாஸின் விலை 2023 அக்டோபருக்கு முன் 29,650 யென். பின்னர் அது 50,000 யென் ஆயிற்று. தோக்கியோவிலிருந்து கியோத்தோ நகருக்கு அதிவேக வண்டியில் ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென். போகவர 28,000 யென். பழைய விலையில் இதோடு இன்னொரு சிறு பிரயாணம் செய்தாலே முதல் திரும்பிவிடும். இன்றோ இவ்விரு நகரோடு நிற்பவன் பாஸ் வாங்கினால் 22,000 யென் வீணே போகும். வண்டி மாறவில்லை, தூரமும் மாறவில்லை, விலை மாறியதால் விடை மாறிற்று. நேற்றுப் போய்வந்தவர் சொல்லை இன்று அப்படியே ஏற்கலாகாது என்பதற்கு இதுவே சான்று.

மற்றொன்றும் உண்டு. பாஸ் ஏறும் உரிமையைத் தருமேயன்றி, எங்கும் ஆசனத்தைத் தருவதன்று. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அதிவேக வண்டிகளில் பாஸ் வைத்திருப்பவனும் ஆசனப் பதிவுக்கெனத் தனியே பணம் கட்டவேண்டும். அத்தொகையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். மறுபுறம், முன்கூட்டி வாங்கும் தனிச் சீட்டு மலிவாயிருப்பினும், குறித்த வண்டியைத் தவறவிட்டால் அப்பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. நாளுக்கொரு நகரம், மனம்போனபடி மாறும் வழி என்போர்க்குப் பாஸ் தகும். இரண்டு மூன்று ஊரில் தங்கியிருப்போர்க்குத் தனிச் சீட்டே தகும்.

ஆகவே புறப்படுமுன் ஒரு தாளை எடுங்கள். போகும் ஊர்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய கட்டணத்தை எதிரே இட்டுக் கூட்டுங்கள். பாஸின் விலையோடு பதிவுக் கட்டணத்தையும் கூட்டி, இரண்டையும் ஒப்பிடுங்கள். வீட்டுப் பெண்மக்களும் பிள்ளைகளும் இக்கணக்கிற் கலந்துகொள்ளட்டும், பணம் குடும்பத்தினுடையதன்றோ? நம் பாட்டன்மாரின் பிரயாணக் கணக்கைப் பிறர் எழுதினார்கள். நம்முடைய கணக்கையேனும் நாமே எழுதுவோமாக.